பில்லிங் சாஃப்ட்வேர் போடும்போது ‘மெசேஜிங் சர்வர் கனெக்ட் ஆகவில்லை’: நெல்லை, தென்காசிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் கடைகளுக்கும் அரிசி மில்களுக்கும் பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் போட்டுக்கொடுப்பது என் வேலை. இப்போது வருகிற சாஃப்ட்வேர்களில் பல, கூடவே ராபிட்எம்க்யூ என்ற மெசேஜிங் சர்வரையும் கேட்கின்றன. இன்ஸ்டால் பாதியில் நிற்பதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். போனில் வருகிற சந்தேகங்களைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே கீழே போட்டிருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். உங்கள் சாஃப்ட்வேர் வேறு மெசேஜிங் சர்வரைக் கேட்டால் போர்ட் எண்களும் (புரோகிராம் அழைப்பை வாங்கும் வாசல் எண்) கட்டளைகளும் மாறும். தேடுகிற வழி ஏறக்குறைய இதேதான்.

அண்ணாச்சி, மெசேஜிங் சர்வர்ங்கியளே, அது வாட்ஸ்அப் மாதிரியா? நாங்க பில்லு போடத்தானே கேட்டோம்?

ஆளுக்கு ஆள் பேசுகிற சங்கதி இல்லை இது. ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமுக்குச் சொல்லும் தகவல். கவுண்டரில் பில் போட்டதும் ஸ்டாக் குறைய வேண்டும், கணக்கில் ஏற வேண்டும், கிளைக்கும் தெரிய வேண்டும். எல்லாம் முடியும்வரை கவுண்டர் மிஷின் காத்திருந்தால் வரிசை நகராது. அதனால் தகவலை மெசேஜிங் சர்வரில் போட்டுவிட்டு அது அடுத்த பில்லுக்குப் போய்விடுகிறது. களக்காட்டில் கமிஷன் கடையில் வாழைத்தாரை இறக்கிப் போட்ட விவசாயி, வாங்க வரும் வியாபாரிக்காகக் காத்துக் கிடப்பதில்லை அல்லவா, அந்த ஏற்பாடுதான்.

ராபிட்எம்க்யூ 2007இல் வெளிவந்தது. எர்லாங் என்ற கணினி மொழியில் எழுதியது. வரலாறு நமக்கு வேண்டாம், எர்லாங் என்ற பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் அதைத் தனியாக இன்ஸ்டால் செய்தால்தான் ராபிட்எம்க்யூ ஓடும். பின்னால் இரண்டு கேள்விகளுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

முக்காவாசி வந்துட்டு, கனெக்ட் ஆவலன்னு நின்னுட்டு. கழட்டிட்டு மறுபடி போட்டுறட்டுமா?

வேண்டாம். போனில் நான் முதலில் சொல்வதே இதைத்தான். விண்டோஸில் ராபிட்எம்க்யூவை அன்இன்ஸ்டால் செய்தாலும் அதன் தரவு ஃபோல்டர் அப்படியே கிடக்கும். இன்ஸ்டால் செய்த யூசரின் ஆப்டேட்டா, ரோமிங் ஃபோல்டருக்குள் ராபிட்எம்க்யூ என்று இருக்கும் பாருங்கள். பழைய யூசர், பழைய பாஸ்வேர்டு, பழைய க்யூ (செய்திகள் காத்து நிற்கும் வரிசை) எல்லாம் அதில்தான். திரும்பப் போட்டால் அதே கோளாறு அதே இடத்தில் வந்து நிற்கும், ஒரு பொழுது போனதுதான் மிச்சம்.

இன்ஸ்டாலர் காட்டுவது ஒரே ஒரு வரி. அதற்குப் பின்னால் வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம்: சர்வரின் பெயரே தெரியவில்லை, பெயர் தெரிந்தும் அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை, போர்ட்டுக்குப் போன அழைப்புக்குப் பதிலே இல்லை, பதில் வந்தது, லாகின் மறுக்கப்பட்டது, லாகின் ஆனது, அனுமதி இல்லை. எது என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது.

தெரிந்துகொள்ளச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. சர்வர் மிஷினில் ராபிட்எம்க்யூவின் லாக் ஃபைலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் மேலே சொன்ன ஃபோல்டருக்குள் லாக் என்ற ஃபோல்டர். லினக்ஸில் வார், லாக், ராபிட்எம்க்யூ. இப்போது இன்ஸ்டாலரில் ‘ரீட்ரை’ அழுத்துங்கள். லாகில் புது வரி விழுந்தால் அழைப்பு சர்வர்வரை வந்துவிட்டது. கோளாறு லாகினிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. ஒரு வரியும் விழவில்லை என்றால் அழைப்பு வந்தே சேரவில்லை. நெட்வொர்க், ஃபயர்வால், போர்ட் பக்கம் தேடுங்கள். எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுக் கூப்பிட்டால் பாதிப் பேச்சு மிச்சம்.

ஒரு மிஷின்ல ‘ரெஃப்யூஸ்டு’ன்னு வருது, இன்னொண்ணுல ‘டைம்டு அவுட்’டுன்னு வருது. ரெண்டும் ஒண்ணுதானவே?

இல்லை. ‘ரெஃப்யூஸ்டு’ என்றால் அழைப்பு அந்தக் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்து, இந்தப் போர்ட்டில் எந்தப் புரோகிராமும் இல்லை என்று உடனே பதில் வந்திருக்கிறது. விண்டோஸில் இதன் எண் 10061, லினக்ஸில் 111. சர்வீஸ் ஓடுகிறதா, போர்ட் எண் சரியா என்று பாருங்கள். ‘டைம்டு அவுட்’ என்றால் பதிலே வரவில்லை. விண்டோஸில் 10060, லினக்ஸில் 110. தப்பான ஐபி (மிஷினின் நெட்வொர்க் முகவரி எண்), நடுவில் ஃபயர்வால், அல்லது சர்வர் மிஷின் ஆஃப். மூன்றாவதாக 11001 என்று ஒன்று வரும்; அந்தப் பெயரில் மிஷின் இருப்பதாகவே தெரியவில்லை என்று அர்த்தம். சர்வரின் பெயருக்குப் பதில் ஐபி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

இதில் விண்டோஸ் ஒரு குழப்பம் செய்யும். அதன் ஃபயர்வால், யாரும் இல்லாத போர்ட்டுக்கு வெளியிலிருந்து அழைப்பு வந்தால் ‘இல்லை’ என்ற பதிலையும் வெளியே விடாது. சர்வர் மிஷினிலேயே சோதித்தால் ‘ரெஃப்யூஸ்டு’, கவுண்டரிலிருந்து சோதித்தால் ‘டைம்டு அவுட்’, கோளாறு என்னவோ ஒன்றுதான். அதனால் எப்போதும் முதலில் சர்வர் மிஷினில் உட்கார்ந்து சோதியுங்கள். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளைக்கு ஐபியும் ராபிட்எம்க்யூவின் போர்ட் 5672ம் கொடுத்தால் கடைசி வரியில் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று சொல்லிவிடும். அங்கே ட்ரூ வந்த பிறகு கவுண்டருக்குப் போய் அதையே செய்யுங்கள்.

சர்வீஸ் ‘ரன்னிங்’னுதான் சார் காட்டுது. ஆனா இன்ஸ்டாலர் ரெஃப்யூஸ்டுங்கு. எதை நம்ப?

இன்ஸ்டாலரை நம்புங்கள். சர்வீஸ் பட்டியல் ‘ரன்னிங்’ என்பது எர்லாங் கிளம்பியதற்கு மட்டும் சாட்சி. ராபிட்எம்க்யூ முழுதாக எழுந்து போர்ட்டைத் திறந்துவிட்டது என்று ஆகாது. பழைய ஹார்டு டிஸ்க் போட்ட மிஷின்களில் இதற்கு நேரம் பிடிக்கும். இன்ஸ்டாலர் அவசரப்பட்டு முயன்று கைவிட்டுவிடும். இரண்டு நிமிடம் விட்டு மறுபடி அழுத்தினால் போதும், பல நேரம் அதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் எர்லாங் பதிப்பைப் பாருங்கள். ராபிட்எம்க்யூவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏற்ற எர்லாங் பதிப்பு இன்னது என்று உண்டு. 3.13 என்றால் எர்லாங் 26 வேண்டும். பழைய 25ஐ வைத்துக்கொண்டு அது ஓடாது. பென் டிரைவில் எப்போதோ ஏற்றி வைத்த எர்லாங்கைப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கடைசியாக நெட்ஸ்டாட் கட்டளையில் 5672 எந்த முகவரியில் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். 0.0.0.0 என்றிருந்தால் எல்லா மிஷினுக்கும் திறந்திருக்கிறது. 127.0.0.1 என்றிருந்தால் அந்த மிஷினுக்குள் மட்டும்தான். யாரோ கான்ஃபிக் ஃபைலில் கை வைத்திருக்கிறார்கள்.

பிரவுசர்ல அந்த ஆரஞ்சு கலர் பக்கம் நல்லா வருதே, பொறவு ஏன் கனெக்ட் ஆவ மாட்டேங்கு?

பிரவுசர் போவது 15672க்கு. அது மேற்பார்வைப் பக்கம். சாஃப்ட்வேர் பேச வேண்டியது 5672. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால், பிரவுசரில் வேலை செய்த எண்ணை அப்படியே இன்ஸ்டாலர் கட்டத்தில் அடித்துவிடுகிறார்கள். முன்னால் உள்ள 1ஐ எடுத்துவிடுங்கள்.

சிலர் தலைகீழாக, 5672ஐ பிரவுசரில் திறந்து பார்ப்பார்கள். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. லாகில் ‘பேட் ஹெடர்’ என்று ஒரு வரி விழும், அவ்வளவுதான். மேற்பார்வைப் பக்கம் வரவே இல்லை என்றாலும் சர்வர் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அது ஒரு பிளகின். தானாக ஆன் ஆகியிருக்காது, நாம்தான் ஆன் செய்ய வேண்டும். 4369, 25672 என்று வேறு போர்ட்டுகளும் கண்ணில் படும். பல சர்வர்களைச் சேர்த்து ஓட்டுகிறவர்களுக்கு அவை. ஒற்றைக் கடைக்குத் திறக்க வேண்டாம்.

கெஸ்ட்டு, கெஸ்ட்டுன்னு போட்டா சர்வர்ல உள்ள போவுது. கவுண்டர்ல அதையே போட்டா மாட்டேங்கு. ஒரே பாஸ்வேர்டுதானே அண்ணே?

பாஸ்வேர்டு சரிதான். 2014இல் வந்த 3.3.0 பதிப்பிலிருந்து, கூடவே வரும் கெஸ்ட் யூசர், ராபிட்எம்க்யூ ஓடும் அதே மிஷினிலிருந்து மட்டும்தான் நுழைய முடியும். உலகத்துக்கே தெரிந்த பாஸ்வேர்டு அது, அதனால் வேண்டுமென்றே போட்ட பூட்டு. கவுண்டருக்கு வரும் பதிலில் ‘ஆக்சஸ் ரெஃப்யூஸ்டு, விவரத்துக்கு லாக் பார்க்கவும்’ என்ற அளவில்தான் இருக்கும். வெளியாளுக்குக் காரணம் சொல்லக் கூடாது என்பது அதன் கணக்கு. சர்வரின் லாகைத் திறந்தால் கெஸ்ட் லோக்கல்ஹோஸ்டிலிருந்து (அதே மிஷினிலிருந்து) மட்டுமே நுழையலாம் என்று முழுதாக எழுதியிருக்கும்.

அந்தப் பூட்டைத் திறக்கும் வழியை யாராவது சொல்லித் தருவார்கள். செய்யாதீர்கள். சாஃப்ட்வேருக்கென்று ஒரு புது யூசர் போட்டு, கெஸ்ட்டை நீக்கிவிடுங்கள்.

நீங்க சொன்ன மாதிரி புது யூசர் போட்டு அட்மினிஸ்ட்ரேட்டர்னே குடுத்துட்டேன். இன்னமும் ரெஃப்யூஸ்டுன்னா என்ன அர்த்தம்?

அட்மினிஸ்ட்ரேட்டர் என்பது மேற்பார்வைப் பக்கத்துக்கான பட்டம் மட்டும். க்யூவைத் தொடுகிற அனுமதி தனி. ராபிட்எம்க்யூவுக்குள் வர்ச்சுவல் ஹோஸ்ட் என்று பிரிவுகள் உண்டு. முதலில் ஒரே ஒரு பிரிவு இருக்கும், அதன் பெயர் வெறும் சாய்கோடு. யூசருக்கு அந்தப் பிரிவில் மூன்று அனுமதி தர வேண்டும்: உருவாக்க, எழுத, வாசிக்க. மேற்பார்வைப் பக்கத்தில் யூசர் பெயரை அழுத்தினால் ‘செட் பெர்மிஷன்’ என்று ஒரு பட்டன். மூன்று கட்டத்திலும் புள்ளியும் நட்சத்திரமும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அழுத்திவிட்டால் வேலை முடிந்தது.

வாசிக்க மட்டும் அனுமதி கொடுத்துச் சிக்கனம் பிடிப்பவர்களும் உண்டு. இன்ஸ்டாலர் முதல் வேலையாகக் க்யூக்களை உருவாக்கும். அது ஆகாமல் போனால் லாகின் வெற்றி, அடுத்த நொடி 403, அதாவது ‘அனுமதி இல்லை’.

பாஸ்வேர்டு சரியாத்தான் அடிக்கேன். கையால போட்டா உள்ள போவுது, இன்ஸ்டாலர்ல போட்டா போவல.

பாஸ்வேர்டில் அட் குறி, ஹேஷ், சாய்கோடு ஏதாவது இருக்கிறதா? இன்ஸ்டாலர் யூசர், பாஸ்வேர்டு, ஐபி எல்லாவற்றையும் ஒரே முகவரி வரியாகக் கோக்கும். அந்த வரியில் அட் குறிக்குப் பின்னால் வருவது சர்வரின் பெயர். பாஸ்வேர்டுக்குள்ளேயே ஒரு அட் குறி இருந்தால் பாதிப் பாஸ்வேர்டைச் சர்வர் பெயர் என்று எடுத்துக்கொண்டுவிடும். அட் குறிக்குப் பதில் %40, ஹேஷுக்குப் பதில் %23 என்று எழுத வேண்டும். இத்தனை தொல்லைக்கு, எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்து நீளமான பாஸ்வேர்டாகப் போட்டுவிடலாம். நான் செய்வது அதுதான்.

அதே வரியின் கடைசியில் ஒரு சாய்கோட்டைச் சேர்த்துவிடுவதும் வழக்கம். பார்க்க ஒன்றும் இல்லாததுபோல இருக்கும். சாய்கோடு போட்டு அதற்குப் பின் எதுவும் எழுதாவிட்டால் ‘பெயரே இல்லாத வர்ச்சுவல் ஹோஸ்ட்’ என்று சில புரோகிராம்கள் எடுத்துக்கொள்ளும். அப்படி ஒன்று சர்வரில் இருக்காது. கடைசிச் சாய்கோட்டை எடுத்துவிடுங்கள். முந்தைய பதிலில் சொன்ன பிரிவைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்றால் சாய்கோடு போட்டு, அதன்பின் சதவீதக் குறி, 2, ஆங்கில எஃப் என்று எழுத வேண்டும்.

வெள்ளத்துக்கப்புறம் ரவுட்டர மாத்துனோம். அதுல இருந்து எந்தக் கவுண்டரும் ஒட்டல. சர்வரத் தொடவே இல்லையே!

2023 டிசம்பர் 17, 18 மழைக்குப் பிறகு, ஜங்ஷன் பக்கம் தண்ணீர் புகுந்த கடைகளிலிருந்து இந்தக் கேள்விதான் வந்தது. சர்வர் மாடியில் பத்திரமாக இருந்திருக்கும், கீழே ரவுட்டரும் சுவிட்சும் போயிருக்கும். புது ரவுட்டர் வந்ததும் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, ஐபி மாறிவிடும். பழைய ரவுட்டர் 192.168.1 என்று கொடுத்திருந்தால் புதுசு 192.168.0 என்று கொடுக்கலாம். கவுண்டர்களோ பழைய ஐபியைத் தேடிக்கொண்டிருக்கும். புது ரவுட்டரில் சர்வருக்கு ஒரு நிலையான ஐபியை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸ், ரவுட்டர் மாறியதும் இது புது நெட்வொர்க் என்று நினைத்து அதை ‘பப்ளிக்’ என்று குறித்துவிடும். ஃபயர்வாலில் 5672க்கு நாம் கொடுத்த வழி ‘பிரைவேட்’ நெட்வொர்க்குக்கு மட்டும் என்றிருந்தால் அது அன்றோடு செல்லாது. சர்வரில் ட்ரூ, கவுண்டரில் டைம்டு அவுட் என்று வந்தால் ஃபயர்வாலை மொத்தமாக ஆஃப் செய்யும் முன் இதைப் பாருங்கள். நெட்வொர்க் செட்டிங்கில் ‘பிரைவேட்’ என்று மாற்றினால் சரியாகிவிடும்.

தென்காசி பிராஞ்சிலருந்து பாளையங்கோட்டை சர்வருக்குப் போவணும். ரவுட்டர்ல போர்ட்டத் தொறந்து விட்டுட்டாப் போதுமில்லா?

போதாது, செய்யவும் கூடாது. 5672ஐ இன்டர்நெட்டுக்குத் திறந்து விட்டால் அந்தப் போர்ட்டில் யூசரும் பாஸ்வேர்டும் மறைக்கப்படாமலே போகும். தட்டிப் பார்க்க ஊரில் ஆளா இல்லை?

திறந்தாலும் பல இடங்களில் வேலை செய்யாது. ரவுட்டரின் வெளி ஐபி 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால், உங்கள் இணைப்புக்குத் தனி வெளி முகவரி இல்லை. இன்டர்நெட் கம்பெனி பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரவுட்டரையே தொடாது. பாளையங்கோட்டை இணைப்புக்கு நிலையான பப்ளிக் ஐபி கேட்டு வாங்கி, வயர்கார்டு போன்ற விபிஎன் (இரண்டு இடத்தையும் இணைக்கும் மறைவான தனி வழி) போட்டு, அதற்குள் 5672ஐ ஓட்டுங்கள். பிராஞ்சுக்குச் சர்வர் பக்கத்து அறையில் இருப்பதுபோலத் தெரியும். சோதனை எல்லாம் மேலே சொன்னபடியே.

டாக்கர்ல போட்டேன். லோக்கல்ஹோஸ்ட்டுன்னு குடுத்தா ரெஃப்யூஸ்டு. ஒரே மிஷின்தானே?

மிஷின் ஒன்று, லோக்கல்ஹோஸ்ட் வேறு வேறு. டாக்கர் ஒவ்வொரு புரோகிராமையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டுகிறது. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர்தான். உங்கள் சாஃப்ட்வேர் தன் கன்டெய்னருக்குள்ளேயே ராபிட்எம்க்யூவைத் தேடிக்கொண்டிருக்கிறது. கம்போஸ் ஃபைலில் (கன்டெய்னர்களின் விவரம் எழுதும் ஃபைல்) ராபிட்எம்க்யூவுக்கு என்ன சர்வீஸ் பெயர் கொடுத்தீர்களோ அந்தப் பெயரைக் கொடுங்கள்.

இன்னும் இரண்டு பொறி இருக்கிறது. டாக்கரின் அதிகாரபூர்வ இமேஜில் கெஸ்ட் பூட்டைத் திறந்துதான் கொடுக்கிறார்கள். அதனால் டாக்கரில் சோதித்தபோது கெஸ்ட் வேலை செய்யும். கடையில் நேரடியாக இன்ஸ்டால் செய்ததும் முன்பு சொன்னபடி நிற்கும். அடுத்து, யூசர், பாஸ்வேர்டை என்விரான்மென்ட் வழியாகக் கொடுப்பது தரவு காலியாக இருக்கும் முதல் ஓட்டத்தில் மட்டும்தான் எடுபடும். பிறகு கம்போஸ் ஃபைலில் பாஸ்வேர்டை எத்தனை தரம் மாற்றினாலும் பழையதுதான் செல்லும்.

கம்ப்யூட்டர் பேர மட்டும்தான் மாத்துனேன். யூசரெல்லாம் காணாமப் போச்சு. அழிஞ்சுட்டா?

அழியவில்லை. ராபிட்எம்க்யூ தன் தரவு ஃபோல்டருக்கு மிஷினின் பெயரைச் சேர்த்துத்தான் பெயர் வைக்கிறது. மிஷின் பெயர் மாறினால் அது புது ஆள் ஆகிவிடுகிறது. புதுப் பெயரில் காலி ஃபோல்டரை உண்டாக்கிக்கொண்டு கெஸ்ட் மட்டும் உள்ள சர்வராக எழும். லினக்ஸில் அடுத்த ரீஸ்டார்ட்டிலேயே இது நடக்கும். விண்டோஸில் சர்வீஸைத் திரும்பப் பதிவு செய்யும்போது நடக்கும். அதுவரை கட்டளைகள் எதுவும் சர்வரைக் கண்டுபிடிக்காது. பழைய ஃபோல்டர் பக்கத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். மிஷினுக்குப் பழைய பெயரையே திரும்ப வைத்தால் எல்லாம் வந்துவிடும்.

டாக்கரிலும் இதே கதை. ஹோஸ்ட்நேம் குறிப்பிடாவிட்டால் ஒவ்வொரு தடவை கன்டெய்னரைப் புதிதாக உண்டாக்கும்போதும் வேறு பெயர், வேறு காலி ஃபோல்டர். ஒரு ஹோஸ்ட்நேம் எழுதிவிடுங்கள்.

யூசர் போடுத கட்டளையே ஓட மாட்டேங்குது. ‘குக்கி’ன்னு என்னமோ சொல்லுது.

பிரவுசர் குக்கி இல்லை இது. எர்லாங் புரோகிராம்கள் ஒன்றையொன்று நம்ப வைத்திருக்கும் ரகசிய வரி. கட்டளை கொடுக்கிறவருடைய குக்கி ஃபைலும் சர்வீஸின் குக்கி ஃபைலும் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். விண்டோஸில் சர்வீஸின் குக்கி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, கான்ஃபிக், சிஸ்டம்புரொஃபைல் என்ற இடத்தில் இருக்கிறது. உங்களுடையது உங்கள் யூசர் ஃபோல்டரில். முதலாவதை எடுத்து இரண்டாவதன் மேல் காப்பி செய்தால் தீர்ந்தது. லினக்ஸில் ரூட் ஆக நின்று கட்டளை கொடுங்கள்.

பில்லிங் சாஃப்ட்வேரின் வழக்கமான கனெக்‌ஷனுக்குக் குக்கி தேவையே இல்லை. பிறகு ஏன் இன்ஸ்டால் நிற்கிறது? சில இன்ஸ்டாலர்கள் யாருக்கும் தெரியாமல் பின்னணியில் இந்தக் கட்டளையை ஓட்டித் தமக்கொரு யூசரை உருவாக்கப் பார்க்கும். குக்கி பொருந்தாததால் அது தோற்றுப்போகும். அந்தத் தோல்வியை விழுங்கிவிட்டு, உருவாகாத யூசரை வைத்து லாகின் செய்ய முயன்று ‘கனெக்ட் ஆகவில்லை’ என்று நிற்கும். மேற்பார்வைப் பக்கத்தில் யூசர் பட்டியலைப் பாருங்கள். அந்தப் பெயர் இல்லை என்றால் இதுதான் சங்கதி.

எர்ரரும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா சுத்திக்கிட்டே கெடக்கு. லாகின் ஆயிருக்குன்னுதான் லாகும் சொல்லுது.

டிஸ்கைப் பாருங்கள். ராபிட்எம்க்யூவின் தரவு இருக்கும் டிரைவில் காலி இடம் ஒரு எல்லைக்குக் கீழே போனால், செய்தி போடுகிறவர்களை அது நிறுத்தி வைத்துவிடும். எல்லையை நாம் மாற்றாவிட்டால் 50 எம்பி. ரேமிலும் அப்படி ஓர் எல்லை உண்டு. 3 என்று தொடங்கும் பதிப்புகளில் மொத்த ரேமில் 40 சதவீதம். கனெக்‌ஷனை அது துண்டிக்காது, எர்ரரும் தராது. கொடுத்ததை வாங்காமல் உட்கார்ந்திருக்கும். இன்ஸ்டாலரும் காத்துக்கொண்டே இருக்கும். மேற்பார்வைப் பக்கத்தில் அந்த எண் சிவப்பில் தெரியும், லாகில் ‘டிஸ்க் அலாரம்’ என்று வரி இருக்கும்.

சி டிரைவில் பழைய டேலி பேக்கப், கல்யாண வீடியோ என்று நிரப்பி வைத்திருக்கிற மிஷின்கள்தான் நம் பக்கம் அதிகம். இடம் ஒழித்ததும் தானாகவே ஓடத் தொடங்கும், ரீஸ்டார்ட் தேவையில்லை.

ஷட்டவுன் அன்னைக்கு சாயந்தரம் ஆன் பண்ணுனா சர்ட்டிஃபிகேட் எர்ரர்ங்கு. காலையில வேல செஞ்சதாச்சே?

மிஷினின் தேதியைப் பாருங்கள். மின்வாரியப் பராமரிப்பு மின்தடை நாளில் முழுக்க ஆஃபில் கிடந்த பழைய மிஷினில் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். நீங்கள் 5671 போர்ட்டில் டிஎல்எஸ் (தகவலை மறைத்து அனுப்பும் முறை) போட்டிருந்தால், இந்தச் சர்ட்டிஃபிகேட் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று அது மறுக்கும். தேதியைச் சரிசெய்து, நாணயம் மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.

தேதி சரியாக இருந்தும் மறுத்தால், சர்ட்டிஃபிகேட்டில் உள்ள பெயரும் நீங்கள் இன்ஸ்டாலரில் கொடுத்த பெயரும் ஒன்றா என்று பாருங்கள். மூன்றாவது கேள்வியில் சொன்னபடி பெயருக்குப் பதில் ஐபியைக் கொடுத்திருந்தால் இங்கே மாட்டும். அந்தச் சோதனை முடிந்ததும் திரும்பப் பெயரையே போட்டுவிட வேண்டும்.

புது வெர்ஷன் ஏத்துனதும் ‘பிரீகண்டிஷன் ஃபெயில்டு’ன்னு வந்து நிக்கி. கனெக்‌ஷன் எல்லாம் சரியா இருக்கு. இது என்ன புதுசா?

எண் 406. கனெக்‌ஷன், லாகின், அனுமதி எல்லாம் தாண்டிவிட்டீர்கள். பழைய வெர்ஷன் ஒரு க்யூவை ஒரு விதமாக உருவாக்கியிருக்கிறது. புது வெர்ஷன் அதே பெயரில் வேறு குணத்தோடு கேட்கிறது. ரீஸ்டார்ட் ஆனாலும் நிலைத்திருக்க வேண்டும் என்பது ஒரு குணம், செய்தி எத்தனை நேரம் இருக்கலாம் என்பது இன்னொன்று. ஏற்கெனவே இருக்கும் க்யூவின் இந்தக் குணங்களை மாற்றித் தர ராபிட்எம்க்யூ சம்மதிக்காது. எந்தக் க்யூ, எந்தக் குணம் என்று அந்த எர்ரர் வரியிலேயே இருக்கும்.

அந்தக் க்யூவை நீக்கினால் புது வெர்ஷன் தனக்கு வேண்டியபடி உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் நீக்கும் முன் அதில் எத்தனை செய்தி நிற்கிறது என்று மேற்பார்வைப் பக்கத்தில் பாருங்கள். பூஜ்யம் என்றால் தயங்காமல் நீக்கலாம். எண் இருந்தால் அவை இன்னும் ஸ்டாக்கிலும் கணக்கிலும் ஏறாத பில்கள். பழைய வெர்ஷனை ஓட விட்டு, கவுண்டரை நிறுத்தி, பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்து அதன்பின் நீக்குங்கள். மாசக் கடைசியில் இந்த வேலையை எடுக்க வேண்டாம்.